எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறதே, தூக்க மாத்திரை போடலாமா?

"படுத்ததும் தூங்கிவிடுகிறேன், ஆனாலும் காலையில் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நான்கு வருடம் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் மருத்துவர் இல்லை, நோயாளி. அதனால் மருந்தின் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை.

எனக்கு 43 வயதில் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் தலைவலி, வாய் வறண்டிருக்கும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்துகொள்வேன். சர்க்கரை இருக்குமோ என்று இரண்டு முறை பரிசோதித்தார்கள், இல்லை. தைராய்டும் சரியாக இருந்தது. கடைசியில் "மன அழுத்தம், இந்த வயதில் பெண்களுக்கு வருவதுதான்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்ட பிறகு காலை மந்தம் இன்னும் கூடியது. குறட்டை விடுவாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வெட்கப்பட்டு இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

கண்டுபிடித்தது என் மகள். விடுமுறையில் என் பக்கத்தில் படுத்தவள், "அம்மா, நீ தூங்கும்போது நடுவில் மூச்சே விடுவதில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது" என்றாள். போனில் பதிவு செய்தும் வைத்திருந்தாள். பெரிய குறட்டை, திடீரென்று நிசப்தம், அரை நிமிடத்துக்கும் மேல். அப்புறம் தண்ணீரில் மூழ்கியவள் மேலே வந்தது போல ஒரு திணறல். அதைக் கேட்ட அன்று நான் அழுதேன்.

ஓர் இரவு முழுக்க ஸ்லீப் ஸ்டடி செய்தார்கள். தலையிலும் நெஞ்சிலும் காலிலும் ஒயர்கள், விரலில் ஆக்சிஜன் கிளிப். முடிவு வந்தபோது மணிக்கு 34 முறை மூச்சு நின்றோ குறைந்தோ போகிறது என்று இருந்தது. 5 முதல் லேசானது, 15 முதல் நடுத்தரம், 30ஐத் தாண்டினால் தீவிரம். இதற்குப் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ஆக்சிஜன் இறங்கியதும் மூளை நம்மை ஒரு கணம் உலுக்கி எழுப்புகிறது. காலையில் அது நினைவில் இருக்காது, ஆனால் ஆழ்ந்த தூக்கம் அத்தனை முறையும் கலைந்திருக்கும். இரவில் சிறுநீர் அதிகம் போனதற்கும் இதுவே காரணம். அடைபட்ட மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனை இதயம் சுரக்கிறது. நான் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையோ தசைகளை மேலும் தளர்த்தும் வகை.

இப்போது சிபாப் மெஷின் வைத்துத் தூங்குகிறேன். மாஸ்க் வழியாகக் காற்றை லேசான அழுத்தத்தில் செலுத்தி, பாதை மூடாமல் பிடித்துக்கொள்ளும். முதல் இரண்டு வாரம் தூக்கத்திலேயே கழற்றி எறிந்தேன். மாஸ்க் அளவை மாற்றி, காற்றை ஈரப்படுத்தும் வசதியைச் சேர்த்த பிறகுதான் பழகியது. மூன்றாவது வாரம் ஒருநாள் காலையில் தலைவலி இல்லாமல் எழுந்தேன். நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"இதெல்லாம் மெஷின் விற்கும் வியாபாரம்" என்று யாராவது கருத்து எழுதத்தான் போகிறீர்கள். ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் என்ற மருத்துவரின் குழு இந்த முறையை வெளியிட்டது 1981இல். அதற்கு முன்பு தீவிர நோயாளிகளுக்குத் தொண்டையில் துளை போட வேண்டியிருந்தது. எல்லோருக்கும் மெஷின்தான் என்றும் நான் சொல்லவில்லை. லேசாக இருப்பவர்களுக்கு எடை குறைப்பதோ, ஒருக்களித்துப் படுப்பதோ, தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் பல் கருவியோ போதுமாக இருக்கலாம். ஒல்லியானவர்களுக்கு வராது என்பதும் தவறு, தாடை சிறிதாக இருந்தாலும் வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அலுவலகக் கூட்டத்தில் நான் கண் அசந்ததை ஒருவர் வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார். முப்பது பேர் சிரித்தார்கள். தூங்குபவரைப் படம் எடுத்துப் போடுவது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை. உடம்புக்கு முடியாமல் இருக்கிறாரோ என்று ஒருவருக்குக் கூடவா தோன்றாது?

சரி, உங்களுக்கும் ஆப்னியாதான் என்று நான் முடிவு கட்டவில்லை. என் தம்பிக்கு நேர் எதிர்: படுத்தால் தூக்கமே வராது. வாரத்தில் மூன்று இரவாவது அப்படி இருந்து, மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கும் முதலில் பரிந்துரைப்பது மாத்திரையை அல்ல, சிபிடி-ஐ என்ற நடத்தைச் சிகிச்சையை. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, வராவிட்டால் எழுந்துவிடுவது, தினமும் ஒரே நேரத்தில் விழிப்பது என்று பழக்குவார்கள். படுத்ததும் காலில் குறுகுறுப்பு வந்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் அது வேறு, ரெஸ்ட்லெஸ் லெக்ஸ். இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எது என்று தெரியாமல் மாத்திரை மட்டும் போடாதீர்கள். பக்கத்தில் படுப்பவரை ஓர் இரவு உங்கள் மூச்சைக் கவனிக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் போனில் பதிவு செய்து மருத்துவரிடம் கொண்டு போங்கள். வண்டி ஓட்டுபவரா என்று எழுதவில்லை. ஓட்டுவீர்கள் என்றால், பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கும்வரை தயவுசெய்து ஓட்ட வேண்டாம். நான் ஒருமுறை சிக்னலில் தூங்கிப்போய், பின்னால் அடித்த ஹாரனில்தான் விழித்தேன். பின் சீட்டில் என் மகள் இருந்தாள்.