பாட்டிக்கும் பேரனுக்கும் ஒரே அளவுகோலா? உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கேள்வி: எனக்கு மூன்று மாத சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 7-க்குக் கீழே இருக்க வேண்டுமாம். என் 82 வயது அம்மாவுக்கு 7.8 இருந்தும் டாக்டர் ‘போதும்’ என்கிறார். அலட்சியமா?

பதில்: இல்லை, அக்கறை. 7 என்பது பெரும்பாலான பெரியவர்களுக்கான இலக்கு. உடல் தளர்ந்த முதியவர்களுக்கு 8 வரை போகலாம் என்று வழிகாட்டி நெறிகளே சொல்கின்றன. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ‘அக்கார்டு’ என்ற பெரிய ஆய்வில் சராசரியை 6-க்குக் கீழே இறக்கப் பார்த்த பிரிவில் இறப்பு கூடியதால், 2008-இல் அந்தப் பிரிவை மட்டும் பாதியில் நிறுத்தினார்கள். என்னிடம் வந்த ஒரு பாட்டிக்குச் சராசரி 6.4. ரிப்போர்ட் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்தவருக்கு வியர்த்துக் கொட்டி, சுவரைத் தடவிக்கொண்டே விழுந்தார். அப்போது சர்க்கரை வெறும் 48-க்கு இறங்கியிருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. மாத்திரையைக் குறைத்திருக்க வேண்டும். குறைக்காதது என் தப்பு.

கேள்வி: அப்படியானால் ஆளுக்கு ஆள் பார்த்துச் செய்தால் போதுமே, செக்லிஸ்ட் எல்லாம் எதற்கு?

பதில்: எந்த இலக்கு என்பது ஆளைப் பொறுத்தது. எந்தக் காலில் அறுவை சிகிச்சை என்பது அப்படியில்லை! உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சச் செக்லிஸ்ட் கொண்டுவந்தது. 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. கத்தி வைக்கும் முன் நோயாளியின் பெயரையும் அறுக்கும் இடத்தையும் எல்லோரும் கேட்க வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முப்பது வருட அனுபவசாலிக்கும் இதில் விலக்கு இல்லை. ‘எனக்குத் தெரியாதா’ என்று சலித்துக்கொள்பவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

கேள்வி: ஜீன் டெஸ்ட் எடுத்தால் எனக்கேற்ற மருந்து தெரிந்துவிடுமா?

பதில்: சில மருந்துகளுக்கு மட்டும். வலிப்புக்கான கார்பமசெபைன், எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோலே உரியும் கடும் ஒவ்வாமையைத் தரக்கூடும். அது ஆசிய வம்சாவளியினரிடம் கூடுதல். அங்கே டெஸ்ட் உயிர் காக்கும். மற்றபடி முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பாருங்கள். சிறுநீரக வடிகட்டும் அளவு (ஈஜிஎஃப்ஆர்) 30-க்குக் கீழே போனால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தியாக வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரியும்.

கேள்வி: அண்ணனுக்கு நன்றாக வேலை செய்த பிரஷர் மாத்திரையை நானும் போடலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: டாக்டர் வழக்கத்தை மீறினால் சரியா தப்பா என்று எப்படித் தெரியும்?

பதில்: ‘எனக்கு மட்டும் ஏன் மாற்றினீர்கள்?’ என்று கேளுங்கள். வயது, சிறுநீரகம், பழைய ஒவ்வாமை என்று உங்களைப் பற்றிய காரணம் வந்தால் சரி, அதைச் சீட்டிலும் எழுதச் சொல்லுங்கள். ‘நான் எப்போதும் இப்படித்தான்’ என்று பதில் வந்தால் வேறொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.