நாய்க்குச் சாக்லேட் கொடுத்தால் உண்மையிலேயே ஆபத்தா?

கேள்வி: நாய் சாக்லேட் தின்றால் செத்துவிடும் என்கிறார்கள். எங்கள் தெருவில் பிள்ளைகள் வருடக்கணக்காக நாய்க்குச் சாக்லேட் போடுகிறார்கள், ஒன்றுமே ஆனதில்லை. எது உண்மை?

ஆபத்துதான். உங்கள் தெரு நாய்க்கு ஒன்றும் ஆகாததும் உண்மைதான். கொஞ்சம் கணக்குப் போட்டால் இரண்டும் ஒத்துப்போவது தெரியும். நான் கால்நடை மருத்துவர் இல்லை. கிருஷ்ணகிரியில் பேக்கரி நடத்துகிறேன். கோகோ பவுடரும் சாக்லேட் ஸ்லாபும் தினமும் கையில் புழங்குவதால், எதில் எவ்வளவு கோகோ இருக்கிறது என்பது எனக்கு அத்துப்படி. மீதியை டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

கோகோ விதையில் தியோபுரோமின் என்று ஒரு பொருள் இருக்கிறது. காபியில் இருக்கும் காஃபீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோகோவில் காஃபீனும் கொஞ்சம் உண்டு. இரண்டும் சேர்ந்து நெஞ்சைப் படபடக்க வைக்கும், நரம்பை முறுக்கும், அடிக்கடி சிறுநீர் போக வைக்கும். நமக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் உள்ளே போன தியோபுரோமினில் பாதியை நம் உடம்பு ஏழெட்டு மணி நேரத்தில் கழித்துவிடும். நாய்க்கு அந்தப் பாதி கழியவே 17, 18 மணி நேரம் ஆகும். இன்று ராத்திரி தின்றதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நாளை ராத்திரியும் உடம்பில் கிடக்கும். 'தினமும் கொஞ்சம்தானே போடுகிறோம்' என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இனி கணக்கு. நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் உள்ளே போனால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமல் அலைவது ஆரம்பிக்கும். 40, 50 ஆனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐத் தொட்டால் வலிப்பு வரலாம். அதற்கு மேல் போகப்போக உயிருக்கே ஆபத்து.

கடையில் விற்கும் மில்க் சாக்லேட்டில் கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான் இருக்கிறது. டார்க் சாக்லேட்டில் 5-ஐ ஒட்டி. கோகோ பவுடரில் 25-க்கும் மேலே போகும். வெள்ளைச் சாக்லேட்டில் இல்லையென்றே சொல்லலாம், அதில் இருப்பது கொழுப்பும் சர்க்கரையும்தான். இது தோராயக் கணக்கு, பிராண்டுக்குப் பிராண்டு மாறும்.

உங்கள் தெரு நாய் நல்ல வளர்ந்த நாட்டு நாயாக இருந்தால் 12 கிலோ, 15 கிலோ இருக்கும். 12 கிலோ நாய்க்கு லேசான அறிகுறி தெரியவே 120 கிராம் மில்க் சாக்லேட் வேண்டும். பிள்ளைகள் கடித்துவிட்டுப் போடும் பத்து ரூபாய் சாக்லேட்டின் நுனி இரண்டு கிராம், மூன்று கிராம். அதனால்தான் அது வாலை ஆட்டிக்கொண்டு மறுநாளும் வந்து நிற்கிறது.

அதே கணக்கை 4 கிலோ பொமரேனியனுக்குப் போடுங்கள். 40 கிராம் மில்க் சாக்லேட்டுக்கே ஆட்டம் ஆரம்பம். கோகோ பவுடர் என்றால் வழித்தெடுத்த ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே போதும். ஒரு டேபிள்ஸ்பூன் போனால் இதயத்தைப் பிடிக்கும் அளவுக்கு வந்துவிடும். இப்போது வீட்டிலேயே கேக் செய்கிறோம் என்று கிளம்பியவர்கள் கோகோ பவுடர் டப்பாவைக் கீழ் ஷெல்ஃபில் வைத்திருக்கிறார்கள். என்னிடம் சில்லறையாகப் பவுடர் வாங்க வருகிறவர்களிடம் நாய் இருக்கிறதா என்று கேட்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறேன். சிலர் இவன் என்ன கேட்கிறான் என்பதுபோலப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

அடுத்தது பிறந்தநாள் கேக். ராத்திரி 12 மணிக்குக் கேக் வெட்டுகிற பழக்கம் எங்கள் ஊருக்கும் வந்து ரொம்ப நாளாகிறது. எங்கள் கடையில் ஒரு கிலோ சாக்லேட் கேக்குக்கு 30, 40 கிராம் கோகோ பவுடர் போகும். மேலே ஊற்றும் கனாஷ், அதாவது க்ரீமில் உருக்கிய சாக்லேட், தனி. வெட்டி, முகத்தில் பூசி, போட்டோ எடுத்து, மீதியை டீப்பாயில் வைத்துவிட்டு எல்லோரும் படுக்கப் போய்விடுவார்கள். வீட்டில் அப்போது விழித்திருக்கும் ஆள் யார்?

அப்படி ஒரு வீட்டிலிருந்து விடிகாலையில் எனக்கு போன் வந்தது. "ஏண்ணா, அந்த ட்ரஃபிள் கேக்குல என்னண்ணா போட்டீங்க? நாய் ஒரு மாதிரி பண்ணுது" என்றார் அந்தத் தம்பி. கேக் கெட்டுப்போய்விட்டது என்று சண்டைக்குத்தான் கூப்பிட்டார். பக்கத்துத் தெருதான், போய்ப் பார்த்தேன். சின்னப் பொமரேனியன். உட்காரவே இல்லை. ஹாலைச் சுற்றிச் சுற்றி வந்தது, நாக்கு வெளியே தொங்குகிறது, மூச்சு இரைக்கிறது. பாத்திரத்தில் இருந்த தண்ணீரைக் குடித்துக் காலி செய்துவிட்டுத் தரையெல்லாம் சிறுநீர். விலாவில் கையை வைத்தால் துடிப்பை எண்ண முடியவில்லை, அவ்வளவு வேகம். பழுப்பு நிறத்தில் ஒரு தடவை வாந்தி எடுத்திருந்தது, அதில் கேக் வாசனை. முந்தின ராத்திரி அரைக் கிலோ கேக்கில் முக்கால்வாசி மிஞ்சியிருந்ததாம். காலையில் அட்டை மட்டும்தான் இருந்தது.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் முதலில் கேட்டது நான்கு கேள்வி: எடை என்ன, என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நான் கூடப் போயிருந்தேன். கோகோ அளவைச் சொன்னதும் மனுஷன் வேறெதுவும் பேசாமல் வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். டிரிப்ஸ், துடிப்பைக் குறைக்க ஊசி, கரித்தூள் மருந்து. இந்த நஞ்சுக்கென்று தனி மாற்று மருந்து கிடையாது, அது கழிந்து போகும்வரை நாயைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம் என்றார். இன்னொன்றும் சொன்னார், எனக்கு அது புதிது. சிறுநீர்ப்பையில் தங்கும் தியோபுரோமின் மறுபடி ரத்தத்துக்கே திரும்பப் போகுமாம். அதனால் அடிக்கடி வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க விட வேண்டும். அது பிழைத்துக்கொண்டது. இப்போதும் அந்த வீட்டு ஆர்டர் வருகிறது, வெண்ணிலா மட்டும்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். தின்ற உடனே நாய்க்கு எதுவும் தெரியாது, உற்சாகமாகவே இருக்கும். இரண்டு நான்கு மணி நேரத்தில் லேசாக அலைய ஆரம்பிக்கும், முழுதாகத் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் வாந்தி எடுக்க வைத்தே பெரும்பகுதியை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். 'பார்ப்போம், ஏதாவது செய்தால் போகலாம்' என்று உட்கார்ந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். தின்ற கவரையோ டப்பாவையோ கையோடு எடுத்துப் போங்கள். பக்கத்தில் டாக்டர் யாரும் இல்லையென்றால் கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணில் கேட்டுப் பாருங்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம், அவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிற கைவைத்தியம் நம் பக்கம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ரத்தத்தில் உப்பு ஏறினால் அதுவே மூளையைப் பாதித்து வலிப்பைக் கொண்டுவரும், ஏற்கெனவே துடிக்கிற நாய்க்கு இரண்டாவது விஷம். பால் ஊற்றினால் முறிந்துவிடும் என்பதும் வெறும் நம்பிக்கை.

சாக்லேட்டையே பேசிக்கொண்டிருந்தால் மற்றதை விட்டுவிடுவோம். 'சுகர் ஃப்ரீ' என்று வரும் சூயிங் கம், மிட்டாய் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அதை நாய் தின்றால் அரை மணி, ஒரு மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை படுத்துவிடும், ஈரலும் கெடலாம். என்னைக் கேட்டால் மில்க் சாக்லேட்டைவிட இதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். டிசம்பரில் நாங்கள் போடும் பிளம் கேக்கில் உலர் திராட்சை கொட்டிக் கிடக்கும், திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே நிறுத்திவிடும். ஃப்ரூட் அண்ட் நட் சாக்லேட்டிலும் அதே திராட்சைதான். ஈஸ்ட் போட்டுப் பிசைந்து வைத்த பன் மாவும் அப்படித்தான். வயிற்றுக்குள் போயும் அது பொங்கிக்கொண்டே இருக்கும், கூடவே சாராயமும் ஊறும். எங்கள் கடையில் மாவு டிரம்முக்கு மூடி இல்லாமல் யாரும் நகர முடியாது. சாக்லேட் என்றால் அலறுகிற பல வீடுகளில் வெங்காயம் மிதக்கிற குழம்புச் சோற்றைத் தினமும் நாய்த் தட்டில் கொட்டுகிறார்கள், அதுவும் ரத்தத்தைக் கெடுக்கும். எங்கள் ஊரில் மாங்காய் சீசன் வந்தால் இன்னொரு தலைவலி, சப்பிப் போட்ட மாங்கொட்டையை முழுங்கிக் குடலில் அடைத்துக்கொண்டு வரும் நாய்கள்.

சரி, உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது? போட்ட நுனிகளால் நாய் சாகாது என்பதால் பிள்ளைகளை மிரட்ட வேண்டாம். ஆனால் பழக்கத்தை மாற்றிவிடுங்கள். சாக்லேட் ருசி கண்ட நாய் யார் வீட்டு டார்க் சாக்லேட்டையும் கேக் டப்பாவையும் தேடிப் போகும், அதற்கு அளவு தெரியாது. தெருவில் குட்டி ஈன்ற நாய் இருந்தால் இன்னும் கவனம், இரண்டு கிலோ குட்டிக்கு இருபது கிராம் மில்க் சாக்லேட்டே கணக்கில் வந்துவிடும். எங்கள் கடையில் ராத்திரி ஷட்டர் இறக்கும்போது வாசலில் ஒரு கூட்டம் காத்திருக்கும். பிரெட் ஓரமும் உடைந்த ரஸ்க்கும் அவர்களுக்கு, சாக்லேட் கேக் சீவிய தூள் மட்டும் கட்டிப்போட்டு நேராகக் குப்பை வண்டிக்கு. பிள்ளைகளிடம் ஒரு ரஸ்க் பாக்கெட் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.