காக்காவும் அன்றைக்கு இதைத்தான் சொன்னார்

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. ஊர் கீழக்கரை. ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை மூன்று தடவை முடித்தவன். அதைச் செய்த லேரியன் நிறுவனம், அடுத்த பாகத்தை நாங்கள் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. இனி வந்தால் வேறு யாரோதான் செய்வார்கள். வரவேண்டும் என்று ஆசை. வந்தால் கெடுத்துவிடுவார்களே என்று பயம். துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) பழைய இரண்டு பாகங்களையும் விளையாடியவர். மூன்றாவதைத் தொடவே மாட்டேன் என்றிருக்கிறார். நான் புலம்பியதைக் கேட்டு, “இப்பத் தெரியுதா?” என்று சிரித்தார். அதிலிருந்து ஒரு மாதமாக அவரோடு சரியாகப் பேசவில்லை. புதுப் பாகத்துக்காக இப்போதே நல்ல கம்ப்யூட்டர் வாங்கிவைக்க 60,000 ரூபாய் சேர்த்திருக்கிறேன். உம்மா நகைச் சீட்டில் போடச் சொல்கிறார். நம்பிக் காத்திருக்கலாமா, விட்டுவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், கீழக்கரை

பதில்:

தம்பி, இடம் இல்லாததால் உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் விளையாட்டுக்கு மூன்றே முக்கால் பக்கம், காக்காவுக்கு ஐந்து வரி. ஆனால் அந்த ஐந்து வரியில்தான் பேனா அழுந்தி, தாளின் பின்பக்கம் தடவினால் கைக்குத் தட்டுப்படுகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

மாமியார், மருமகள், மாப்பிள்ளை வீட்டார் என்று வருகிற கடிதங்களுக்கு நடுவே இப்படி ஒன்று வந்தால் அலுவலகத்தில் என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். நான் விளையாடுகிறவள் என்பது அவர்களுக்குத் தெரியும். பையன் விடுமுறைக்கு வந்து தொடங்கிவைத்துவிட்டுப் போனான். நான் இன்னும் நிறுத்தவில்லை.

முதலில் ஒரு பழைய கணக்கு. பால்டர்ஸ் கேட் முதல் பாகம் 1998 டிசம்பரில் வந்தது, இரண்டாவது 2000-த்தில். இரண்டையும் செய்தது கனடாவின் பயோவேர். உங்கள் மூன்றாவது வந்தது 2023 ஆகஸ்டில். நடுவில் 23 வருடம். உங்கள் காக்கா பள்ளிக்கூடப் பையனாக அதை விளையாடியிருந்தால், கல்யாணம் முடித்து, துபாய் போய், பிள்ளை பெற்று, அதுவரைக்கும் காத்திருந்திருக்கிறார். 2019 ஜூனில் ஒரு வழியாக அறிவிப்பு வந்தது. செய்யப்போவது யார்? பெல்ஜியத்தின் லேரியன். பயோவேரோடு சம்பந்தமே இல்லாத ஆட்கள். ‘டிவினிட்டி’ என்று தங்களுக்கென ஒரு தொடர் வைத்திருந்தவர்கள்.

பழைய ரசிகர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? இது பால்டர்ஸ் கேட்டே இல்லை, டிவினிட்டிக்கு வேறு சட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்றார்கள். பழையதில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டிய இடத்தில் நிறுத்தி ஆளுக்கொரு கட்டளை போடலாம். லேரியன் அதை மாற்றி, ஒருவர் முடித்தபின் அடுத்தவர் என்று முறை வைத்தது. அது பலருக்குப் பொறுக்கவில்லை. உங்கள் காக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருந்திருப்பார். அவர் வேண்டாமென்ற அந்தப் புது ஆட்கள்தான் இன்றைக்கு உங்களுக்குப் பழைய ஆட்கள், இவர்களை விட்டால் வேறு யாரும் தொடக் கூடாத ஆட்கள். அவர் சிரித்ததில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது தம்பி.

அதனால் ‘புது ஆள்’ என்பதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். அப்படியானால் எதை வைத்துப் பயப்படுவது? நான் பாம்பன்காரி. பழைய பாலம், புதுப் பாலம் என்று தொடங்குவேன் என நினைத்திருப்பீர்கள். அது இல்லை. எங்கள் வீட்டு வல்லத்தின் கதையைச் சொல்கிறேன்.

அப்பாவிடம் ஒரு வல்லம், அதாவது மீன்பிடிப் படகு, இருந்தது. அதைக் கட்டிய ஓடாவி, படகுத் தச்சர், காலமாகிவிட்டார். வல்லத்துக்கும் வயதாகிவிட்டது. வேறு கரையிலிருந்து ஒரு ஓடாவியைக் கூட்டிவந்து, பழையதைப் போலவே ஒன்று கட்டித்தரச் சொன்னார். பழையதைக் கரையில் ஏற்றிவைத்து, கயிறு பிடித்து, சாண் சாணாக அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். பெயரும் அதே பெயர்தான். ஆனால் பணம் அப்பாவுடையது இல்லை. மீன் எடுக்கிற வியாபாரி கொடுத்த கடன். அவர், “ஆவணிக்குள்ள கடல்ல இறங்கணும்” என்று சொல்லிவிட்டார். பலகை காயவில்லை என்று ஓடாவி இரண்டு தடவை சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கிறது. அப்பா வியாபாரியைப் பார்த்தார், வியாபாரி நாட்காட்டியைப் பார்த்தார். ஆவணியில் இறக்கினார்கள். முதல் வாரத்திலேயே ஒருவர் வலை இழுக்க, ஒருவர் டப்பாவை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஓடாவிக்கு வேலை தெரியாது என்று அப்பா ஒரு வருடம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து என் சித்தப்பா அதே ஓடாவியிடம் போனார். சொந்தக் காசு, கெடு கிடையாது. அந்த மனிதர் பலகைகளை நிழலில் அடுக்கி, நடுவே குச்சி கொடுத்துக் காற்றோட விட்டு, மாதக்கணக்கில் தொடவே இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாம் கேலி பேசினார்கள். அந்த வல்லம் இன்னும் கடலுக்குப் போகிறது.

இந்தக் கதை விளையாட்டு உலகத்திலும் அச்சாக நடந்திருக்கிறது. பயோவேர் 2003-இல் ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ என்ற விளையாட்டைச் செய்தது. இரண்டாம் பாகத்தை ஒப்சிடியன் என்ற புது நிறுவனத்திடம் கொடுத்தார்கள். நிறுவனம் தொடங்கியதே 2003-இல்தான். 2004 டிசம்பர் பண்டிகை விற்பனைக்குள் வேண்டுமென்று வெளியீட்டாளர் நெருக்க, வெளியீட்டாளர் சொன்ன நாளில் வந்தது. எழுத்து அபாரம், கடைசிப் பகுதி மட்டும் அரைகுறை. ஒரு கிரகமே வெட்டப்பட்டிருந்தது. ரசிகர்கள் விளையாட்டின் கோப்புகளைத் தோண்டி, விட்டுப்போன காட்சிகளை எடுத்து, வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒட்டினார்கள். இன்றும் அந்த ஒட்டோடுதான் பலர் அதை விளையாடுகிறார்கள். அந்தக் குறைக்கு ஓடாவி காரணமா, வியாபாரி காரணமா?

உடனே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களே மடக்குவீர்கள். அதே ஒப்சிடியன், 2010-இல் ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ செய்தது. அதற்கும் ஏறக்குறைய ஒன்றரை வருடம்தான் கொடுத்தார்கள். வந்தபோது ஓட்டை ஒடிசல் ஏராளம். ஆனாலும் பெதஸ்டா செய்த ‘ஃபால்அவுட் 3’-ஐ விட அதுதான் ஒசத்தி என்று சண்டை போட இன்றைக்கும் ஆள் இருக்கிறது, நானும் ஒருத்தி. என் கணக்கை இது உதைக்கத்தான் செய்கிறது. ஒன்று கவனியுங்கள்: ஒப்சிடியனைத் தொடங்கியவர்கள் ஃபால்அவுட்டின் இரண்டாம் பாகம் உருவான பிளாக் ஐல் பட்டறையிலிருந்து வந்தவர்கள். ஃபால்அவுட் என்ற பெயரை பெதஸ்டா 2007-இல் 57.5 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. அந்த உலகத்தின் கிறுக்குத்தனம் யாருக்கு மனப்பாடமோ, அவர்கள் வெளியே இருந்தார்கள். அவர்கள் கையிலேயே திரும்ப வேலை வந்தது. இப்படி எல்லாருக்கும் வாய்க்காது.

வாய்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ‘வாம்பயர்: தி மாஸ்கரேட் - பிளட்லைன்ஸ்’ இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே வயிறு எரியும். முதல் பாகம் 2004 நவம்பர் 16 அன்று வந்தது. அதே நாளில் ‘ஹாஃப்-லைஃப் 2’-வும் வந்தது. திருவிழாக் கொட்டு நடக்கிற தெருவில் புல்லாங்குழல் வாசித்த மாதிரி ஆயிற்று. செய்த ட்ரோய்கா நிறுவனம் அடுத்த வருடமே மூடிவிட்டது. அப்புறமும் ரசிகர்கள் அதை விடவில்லை. தாங்களே பழுது பார்த்துப் பார்த்து இருபது வருடம் உயிரோடு வைத்திருந்தார்கள். 2019 மார்ச்சில் இரண்டாம் பாகம் அறிவிப்பு. ஹார்ட்சூட் லேப்ஸ் என்ற புது நிறுவனம் செய்கிறது, முதல் பாகத்தின் எழுத்தாளர் கூடவே இருக்கிறார், 2020-இல் வருகிறது என்றார்கள். அன்றைக்கே முன்பணமும் வாங்கினார்கள். 2020-இல் விளையாட்டு வரவில்லை. அந்த எழுத்தாளரை நீக்கிய செய்திதான் வந்தது. 2021 பிப்ரவரியில் ஹார்ட்சூட்டிடமிருந்தே வேலையைப் பிடுங்கி, முன்பணம் வாங்குவதையும் நிறுத்தினார்கள். 2023-இல், இப்போது செய்வது பிரிட்டனின் தி சைனீஸ் ரூம் என்று தெரிந்தது. நடந்துபோய்க்கொண்டே கதை கேட்கிற மாதிரியான விளையாட்டுகளுக்குப் பெயர்போனவர்கள் அவர்கள். கடைசியில் 2025 அக்டோபர் 21-இல் வந்தது. கேவலம் இல்லை. ஆனால் காத்திருந்தவர்கள் கேட்டது அது இல்லை. தி சைனீஸ் ரூமைத் தொடங்கியவர்களில் ஒருவரே, இதற்கு ‘பிளட்லைன்ஸ் 2’ என்ற பெயர் வேண்டாம் என்று தாங்கள் சொல்லிப் பார்த்ததாகப் பிறகு பேட்டியில் சொன்னார். அளவுக் கயிறு கையில் இருந்தது, அதைப் போலவே கட்டப் பலகை இல்லை.

இனி உங்கள் பால்டர்ஸ் கேட். பெயருக்கு உடைமைக்காரர் லேரியன் இல்லை, ஹாஸ்ப்ரோவும் அதன் கீழ் இருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டும். 2024 மார்ச்சில் லேரியனின் தலைவர் ஸ்வென் விங்க, கூடுதல் பாகமும் கிடையாது, நான்காவதும் எங்களிடம் கிடையாது என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். அவர்கள் தங்கள் சொந்த டிவினிட்டிக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது வியாபாரியைத்தான். என்றைக்காவது ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொன்னால், அவர்கள் முன்னால் என்ன கட்டினார்கள் என்று போய் விளையாடிப் பாருங்கள். விளையாடுகிற காட்சியைக் காட்டாமல் வெறும் முன்னோட்டப் படத்தோடு வெளியீட்டுத் தேதியைச் சொன்னால், ஆவணிக்குள் இறக்கப் பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். லேரியன் 2020 அக்டோபரில் முதல் அங்கத்தை மட்டும் விற்பனைக்கு விட்டு, வாங்கியவர்கள் திட்டியதையெல்லாம் கேட்டு, ஏறத்தாழ மூன்று வருடம் இழைத்தது. பலகையை நிழலில் போட்டதுதான் அது. அடுத்தவர்களுக்கும் அந்த அவகாசம் கொடுப்பார்களா என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே கேள்வி. கொடுத்தால் நான் முதல் ஆளாக நம்புவேன்.

சத்தம் போடுவதால் பயன் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். சில நேரம் உண்டு. பிளட்லைன்ஸ் 2-இல் நாம் ஆடத் தேர்ந்தெடுக்கிற ரத்தக் காட்டேரிக் குலங்களில் இரண்டைத் தனியாகக் காசுக்கு விற்கப் பார்த்தார்கள். ரசிகர்கள் பிடித்த பிடியில் வெளியீட்டுக்கு முன்பே உள்ளே சேர்த்துவிட்டார்கள். காசு விஷயத்தில் சத்தம் காதில் விழுகிறது. கதை விஷயத்தில் அவ்வளவாக விழுவதில்லை.

60,000 ரூபாய்க்கு வருவோம். வலையில் விழாத மீனுக்கு ஐஸ் வாங்கி வைக்காதீர்கள். இன்றைக்கு வாங்குகிற கம்ப்யூட்டர் அந்த விளையாட்டு வரும்போது கிழடாகியிருக்கும், அப்போது இதே காசுக்கு இன்னும் நல்லது கிடைக்கும். உம்மா சொல்கிறபடி நகைச் சீட்டில் போடுங்கள், இல்லையென்றால் வங்கியில் போட்டுவையுங்கள். அதில் எனக்குக் கருத்து இல்லை. முன்பணம் மட்டும் யாருக்கும் கட்டாதீர்கள். வெளியான பின் வாங்கினாலும், விளையாட்டுகளை விற்கிற இணையக் கடையான ஸ்டீமில் இரண்டு மணி நேரத்துக்குள் விளையாடிப் பார்த்து, பதினான்கு நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறது. மீதமிருந்தால் வீட்டுக்கு நல்ல இணைய இணைப்பு போடுங்கள். மூன்றாவது பாகத்துக்கே 150 ஜிபி இடம் வேண்டும். நாளுக்கு இரண்டு ஜிபி தருகிற போன் ரீசார்ஜில் நான் இறக்க நினைத்தபோது கணக்குப் போட்டேன்: மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் இறக்கினாலும் 122 ஜிபிதான் வரும். விசைப்படகெல்லாம் கடலுக்குப் போன பிறகும் நான் கரையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

சரி, காக்கா. அவர் உங்கள் மூன்றாவதைத் தொடவில்லை என்று குறைப்படுகிறீர்கள். அவருடைய முதல் இரண்டையும் நீங்கள் தொட்டதாக நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லையே? அவை செத்துப்போகவில்லை. பயோவேரில் இருந்த ஒருவர் தொடங்கிய பீம்டாக் நிறுவனம் 2012-இலும் 2013-இலும் அவற்றைப் புதுக் கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றபடி சீர்செய்து வெளியிட்டது. உங்களிடம் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே தாராளமாகப் போதும், போனிலும் ஓடும். படம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆளை மேலிருந்து பார்க்கிற மாதிரி இருக்கும், தொடக்கத்தில் ஒரு ஓநாய் கடித்தே செத்துப்போவீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவருடையதை விளையாடுகிறீர்கள் என்று தெரிந்தால் அவர் உங்களுடையதை விளையாட வருவார். மூன்றாவதில் நான்கு பேர்வரை சேர்ந்து ஆடலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

தோளில் வெள்ளெலியோடு திரிகிற மின்ஸ்க்கை உங்கள் பாகத்தில் பார்த்திருப்பீர்கள். உங்கள் காக்காவுக்கு அவனை அதற்கு வெகு காலம் முன்பே தெரியும். நீங்கள் கடை சாத்திவிட்டு வீடு வரும்போது ஒன்பதரை ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது துபாயில் மணி எட்டு. போன் போட்டு, நாலாம் பாகம், லேரியன் என்று எதுவும் பேசாமல், “மின்ஸ்க்கை முதல்ல எங்க காக்கா பார்த்தீங்க?” என்று மட்டும் கேளுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முடிய நேரமாகும்.