வந்த பிறகும் தடுப்பூசியா? புற்றுநோய் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், தடுப்பூசி என்றால் நோய் வருவதற்கு முன் போடுவதுதானே?

பதில்: அம்மைக்கும் போலியோவுக்கும் அப்படித்தான். புற்றுநோய்த் தடுப்பூசியின் நோக்கம் வேறு. புற்றுநோய் செல் நம் உடம்பிலேயே முளைத்தது. அதனால் எதிர்ப்புச் செல்கள் பல நேரம் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன. அதை அடையாளம் காட்டித் தாக்கப் பழக்குவதே இந்த ஊசியின் வேலை.

கேள்வி: எல்லாருக்கும் ஒரே ஊசி போதாதா?

பதில்: இப்போது அதிகம் பேசப்படும் எம்ஆர்என்ஏ ஊசி, அதாவது எதைத் தாக்க வேண்டும் என்ற குறிப்பை உடம்புக்குள் கொண்டுபோகும் ஊசி, ஆளுக்கு ஆள் வேறு. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியின் துண்டையும் அதே நோயாளியின் ரத்தத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டால், கட்டியில் மட்டும் உள்ள மாற்றங்கள் தெரியவரும். எதிர்ப்புச் செல்கள் கண்டுகொள்ளக்கூடிய மாற்றங்களைக் கணினி பொறுக்கி எடுக்கும். மாடர்னா, மெர்க் என்ற மருந்து நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் ஊசியில் இப்படி 34 மாற்றங்கள் வரை இருக்கும். ஒருவர் கட்டியில் இருக்கும் மாற்றம் அடுத்தவரிடம் பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும், செலவும் ஏறும்.

கேள்வி: உண்மையில் பலன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் இன்னும் உறுதியாக வேண்டும். மெலனோமா என்ற தோல் புற்றுநோயை அறுவை சிகிச்சையில் அகற்றிய 157 பேரிடம் அந்த ஊசியைச் சோதித்தார்கள். எதிர்ப்புச் செல்களின் தடையை நீக்கும் கீட்ரூடா மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைவு.

என்னை அதிகம் அசைத்தது கணையப் புற்றுநோய் ஆய்வுதான். அறுவை சிகிச்சைக்குப் பிறகும் பெரும்பாலும் திரும்பி வருகிற கொடிய நோய் அது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் பயோஎன்டெக் நிறுவனத்தின் இதே வகை ஊசி போட்ட 16 பேரில் 8 பேருக்கு எதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொண்டன. 3 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்த 8 பேரில் 6 பேருக்கு நோய் திரும்பவில்லை. சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. அந்த 8 பேரின் உடல் முன்பே வலுவாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தைப் பெரிய ஆய்வுதான் தீர்க்கும்.

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரல் வரை பரவிவிட்டது. கீமோவை நிறுத்திவிட்டு இதற்குக் காத்திருக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தயவுசெய்து கீமோவை நிறுத்தாதீர்கள். கட்டியை அகற்றி, மிச்சம் மீதி மட்டும் இருக்கும்போதுதான் இந்த ஊசிக்கு நல்ல வாய்ப்பு. பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு 2010ல் அமெரிக்கா அனுமதித்த புரோவெஞ்ச் என்ற ஊசிகூட ஆயுளை ஏறக்குறைய 4 மாதம்தான் நீட்டித்தது. ஆய்வுகளில் சேர முடியுமா என்று அப்பாவின் டாக்டரிடம் கேளுங்கள், சிகிச்சை தொடரட்டும்.

கேள்வி: ரஷ்யா கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். அறிவிப்பு வேறு, ஆய்வு முடிவு வேறு. எத்தனை நோயாளிகள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் செய்திகளில் பதில் இருக்காது.

கேள்வி: மகளுக்கு 12 வயது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஊசியும் இதே வகையா?

பதில்: இல்லை அம்மா, அது ஹெச்பிவி வைரஸைத் தடுப்பது, முன்கூட்டியே போட வேண்டியது. இந்த வயதில் 6 மாத இடைவெளியில் 2 ஊசி. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் இருக்கிறது, பையன்களுக்கும் போடலாம்.