நன்கொடை அழுத்தமும் வெளிநாட்டு உதவியும் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

உங்க தளத்த ரொம்ப நாளா படிச்சிட்டு வர்றேன், எழுதறது இப்பதான். குழந்தைகளுக்காக வேலை செய்யற ஒரு அமைப்புக்கு ஒரு தடவ ஆன்லைன்ல பணம் அனுப்பினேன், அதுலேர்ந்து போன் நிக்கவே இல்ல. அவங்க மட்டும்னா பரவால்ல, பேரே கேள்விப்படாத அமைப்பெல்லாம் என் பேர சொல்லி கூப்பிடறாங்க. ரோட்டுல பேட்ஜ் மாட்டிட்டு நிக்கற பசங்க வழிய மறிச்சு "ஒரு நிமிஷம் சார்"ங்கறாங்க, அவசரமா போறேன்னா "ஒரு குழந்தையோட உயிர விடவா?"ன்னு மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. வீட்டுக்கு வந்ததும் மனசு கஷ்டமா இருக்கு, அப்புறம் கோவம் வருது. இன்னொரு பக்கம் பணக்கார நாடுங்க இத்தன வருஷமா குடுத்த உதவியெல்லாம் ஊழல்ல போச்சு, ஒண்ணுமே மாறலன்னு படிக்கறேன். இனிமே யாருக்கும் எதுவும் குடுக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். இது தப்பா?

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

வணக்கம்,

உங்க கோவம் நியாயமானது, அதுக்காக குற்ற உணர்ச்சியே வேண்டாம். உங்கள கூப்பிடறவங்கள்ல நிறைய பேர் அந்த அமைப்புல வேலை பாக்கறவங்களே இல்ல, பணம் வாங்கிட்டு இந்த வேலைய செஞ்சு குடுக்கற கம்பெனியோட ஆளுங்க. மாசாமாசம் அக்கவுன்ட்லேர்ந்து தானா பணம் போற மாதிரி ஒரு நாளைக்கு இத்தன பேர சேத்து விடணும்னு டார்கெட் இருக்கும். ரோட்டுல நிக்கற பசங்க நிலைமையும் அதேதான், டார்கெட் முடிக்கலன்னா வேலை போயிடும், அதனால அவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல. இப்படி சேர்றவங்கள்ல பெரும்பகுதி பேர் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள நிறுத்திடறாங்க. அந்த இடத்த நிரப்ப திரும்ப புது ஆளுங்கள பிடிக்கணும், அழுத்தம் இன்னும் கூடுது.

தெரியாத அமைப்புக்கு உங்க பேர் எப்படி போச்சுன்னா லிஸ்ட் கை மாறுது. 2015ல பிரிட்டன்ல 92 வயசு மூதாட்டி ஒருத்தங்க இறந்தப்போ இது பெரிய விஷயமாச்சு. விசாரிச்சு பாத்தா 99 அமைப்புங்க கிட்ட அவங்க விவரம் இருந்திருக்கு, ஒரே வருஷத்துல சுமார் 466 கடிதம் அவங்க வீட்டுக்கு போயிருக்கு, அதுல பெரும்பாலான அமைப்புங்க அவங்க விவரத்த வேற இடத்துலேர்ந்து வாங்கியிருக்காங்க. அவங்க சாவுக்கு இதுதான் காரணம்னு குடும்பத்துக்காரங்களே சொல்லல, அத வச்சு யாரையும் கொலைகாரன்னு சொல்ல நான் வரல. ஆனா வாழ்நாள் பூரா அடுத்தவங்களுக்கு உதவின ஒருத்தங்களுக்கு கிடைச்ச பதில் வாரத்துக்கு ஒன்பது கடிதம்ங்கறது மனச அறுக்குது. அதுக்கப்புறம் 2016ல அங்க நன்கொடை கேக்கறத கண்காணிக்க புதுசா ஒரு அமைப்பு வந்துச்சு, அடுத்த வருஷமே, எனக்கு எதுவும் அனுப்பாதீங்கன்னு பதிவு பண்ற வசதியும் வந்துச்சு.

இந்த அழுத்தம் என்ன செய்யுதுன்னு காட்டற ஒரு ஆய்வு இருக்கு, 2012ல வெளியானது, மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவுல வீடு வீடா ஆள் அனுப்பி நன்கொடை கேட்டு பாத்தாங்க. சில வீட்டு கதவுல மட்டும் இத்தன மணிக்கு வருவோம்னு முன்னாடி நாளே நோட்டீஸ் மாட்டினாங்க, அங்க கதவ தெறக்கறவங்க கொறஞ்சாங்க. இன்னும் சில வீட்டு நோட்டீஸ்ல 'தொந்தரவு பண்ண வேண்டாம்'னு டிக் பண்ண ஒரு கட்டமும் சேத்தாங்க, அங்க பணம் குடுக்கறவங்க 28லேர்ந்து 42 சதவீதம் வரைக்கும் கொறஞ்சிட்டாங்க. அதாவது வாசல்ல நீட்டற பணத்துல ஒரு பங்கு, இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற அந்த சங்கடத்துலேர்ந்து தப்பிக்க குடுக்கறது. அப்படி வாங்கின பணமும் யாருக்கோ சோறு போடும்தான், மறுக்கல, ஆனா குடுத்தவங்க மனசுல அது கசப்பா தங்கிடுது, உங்களுக்கு நடந்தது அதுதான்.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், இது ரெண்டும் வேற வேற விஷயம்னு பலர் சொல்வாங்க, எனக்கு அப்படி தோணல. 'ஒண்ணுமே மாறல'ங்கற எண்ணம் உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? பணம் கேக்கற அதே படங்கள்லேர்ந்துதான் பெரும்பகுதி வந்திருக்கணும். அழற ஒரு குழந்தை, பெரிய கண்ணு, எலும்பும் தோலும், எத்தன வருஷமா அதே படம். அதுக்கு காரணம் இருக்கு. 2007ல வந்த ஒரு ஆய்வுல மாலி நாட்டு ஏழு வயசு பொண்ணு ஒருத்திய பத்தி மட்டும் சொன்னப்போ ஜனங்க நிறைய குடுத்தாங்க, அந்த பொண்ணு கதையோட எத்தன லட்சம் பேர் பட்டினின்னு புள்ளிவிவரத்தையும் சேத்து சொன்னப்போ கொறைச்சு குடுத்தாங்க. அதனால பணம் கேக்கறவங்க புள்ளிவிவரத்த ஒதுக்கிட்டு முகத்த மட்டும் காட்டறாங்க. ஜெயிச்சத சொன்னா அவசரம் போயிடும்னு பயம். அந்த ஒதுக்கின புள்ளிவிவரம் என்னன்னா, அஞ்சு வயசுக்குள்ள சாகற குழந்தைங்க 1990ல உலகம் முழுக்க வருஷத்துக்கு 1 கோடியே 20 லட்சத்துக்கு மேல, 2022ல 49 லட்சம். இது முழுக்க வெளிநாட்டு உதவியால இல்ல, அந்தந்த நாட்டு அரசாங்கம், படிச்ச அம்மாக்கள், தண்ணி, ரோடு எல்லாம் சேந்துதான், ஆனா தடுப்பூசி, கொசுவலை, எச்ஐவி மருந்து இதுக்கெல்லாம் வெளிப்பணம் பெரிய பங்கு குடுத்திருக்கு. நரம்புச் சிலந்தி நோய எடுத்துக்கோங்க, குடிக்கற தண்ணி வழியா உடம்புக்குள்ள போய் வளர்ற புழுவால வர்றது, 1986ல வருஷத்துக்கு சுமார் 35 லட்சம் பேருக்கு வந்துட்டிருந்துச்சு, 2024ல உலகம் முழுக்க 15 பேர். தடுப்பூசி கிடையாது, குணப்படுத்த மருந்து கிடையாது, தண்ணிய துணியில வடிகட்டி குடிக்கணும்னு ஊர் ஊரா போய் சொல்லிக் குடுத்தே கொண்டு வந்தாங்க.

அதுக்காக உங்க சந்தேகம் தப்புன்னு சொல்லல. உதவின்னு கணக்குல எழுதறது எல்லாம் உதவி இல்ல. பிரிட்டன் 2022ல வெளிநாட்டு உதவின்னு காட்டின பணத்துல கிட்டத்தட்ட 29 சதவீதம் அவங்க நாட்டுக்குள்ளயே அகதிகள தங்க வைக்க செலவாச்சு, சர்வதேச விதிப்படி அதுவும் உதவி கணக்குல வரும். மலேசியாவுல பெர்காவ் அணைக்கு பிரிட்டன் குடுத்த பணம் ஆயுத வியாபாரத்தோட கோத்து வந்ததுன்னு பெரிய சர்ச்சையாச்சு, 1994ல லண்டன் கோர்ட்டே அந்த உதவி சட்டவிரோதம்னு தீர்ப்பு குடுத்துச்சு. ஊழல்னா வாங்கற நாட்டு மந்திரிய மட்டும் நெனைக்கறோம், குடுக்கற நாட்டு லாபக் கணக்கயும் சேத்து பாக்கணும். பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கின ஆங்கஸ் டீட்டன் சொல்ற வாதம் இன்னும் ஆழமானது, வரிப்பணத்த நம்பாம வெளிப்பணத்த நம்பி ஓடற அரசாங்கம் தன் ஜனங்களுக்கு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாம போயிடுதுன்னு. இதுக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல. ஆனா அத காரணமா வச்சு ஒரே நாள்ல மொத்தமா நிறுத்தறது வேற, 2025 ஜனவரில அமெரிக்கா அப்படித்தான் வெளிநாட்டு உதவிய நிறுத்தி வச்சுது, பல நாடுகள்ல கிளினிக்குங்க மூடினாங்க, மருந்த நம்பி இருந்த நோயாளிங்க தவிச்சாங்க. அமெரிக்க பட்ஜெட்ல கால் பங்கு வெளிநாட்டு உதவிக்கு போகுதுன்னு ஜனங்க நெனைக்கறதா சர்வேக்கள் சொல்லுது, உண்மையில நிறுத்தறதுக்கு முன்னாடியும் அது சுமார் ஒரு சதவீதமாதான் இருந்துச்சு.

கேக்கறவங்க நேர்மையா இருக்க முடியாதான்னா, முடியும். 2004 சுனாமி முடிஞ்ச சில நாள்லயே எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமி வேலைக்கு எங்களுக்கு தேவையான பணம் வந்தாச்சு, அதுக்குன்னு இனிமே அனுப்ப வேண்டாம்னு வெளிப்படையா சொன்னாங்க, அனுப்பினவங்க கிட்ட இத வேற இடத்துக்கு மாத்திக்கலாமான்னும் கேட்டாங்க. மத்த அமைப்புங்க சிலது அதுக்கு வருத்தப்பட்டாங்க. எனக்கு அந்த அறிவிப்பு மேல இருக்கற மரியாதை இன்னிக்கும் கொறையல.

தப்பான்னு கேட்டீங்க. போன்லயும் ரோட்டுலயும் கேக்கறவங்களுக்கு இனிமே குடுக்கறதில்லன்னா அது நல்ல முடிவு, நானும் அப்படித்தான், எவ்வளவு நல்ல காரியமா இருந்தாலும் இப்பவே முடிவு சொல்லுங்கன்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வேன். யாருக்குமே குடுக்கறதில்லங்கறது மட்டும் வருத்தமா இருக்கு, ஏன்னா முதல் தடவ நீங்க அனுப்பினப்போ யாரும் உங்கள மறிக்கல, நீங்களா அனுப்பினீங்க. அந்த முதல் அமைப்புக்கே ஒரு மெயில் போடுங்க, என் நம்பர லிஸ்ட்லேர்ந்து எடுங்க, யாருக்கெல்லாம் குடுத்தீங்கன்னு சொல்லுங்க, போன வருஷம் என்ன செய்ய நெனைச்சீங்க, அதுல எது நடக்கல, ஏன் நடக்கலன்னு எழுதுங்கன்னு கேளுங்க. அட்மின் செலவு எத்தன சதவீதம்னு மட்டும் கேட்டுட்டு விட்டுடாதீங்க, அத கொறைச்சு காட்டறது சுலபம். நடக்காதத ஒளிக்காம சொல்ற அமைப்புன்னா யோசிக்கலாம். பதிலே வரலன்னா அவங்கள விட்டுட்டு, உங்களுக்கு நேரம் இருக்கறப்போ வேற ஒருத்தங்கள நீங்களே தேடிப் பாருங்க.