நீலகிரியின் முன்னோடி இயற்கையியலாளர்களுள் நீங்கள் மிகவும் மதிப்பவர் யார், ஏன்?

இக்கேள்விக்குப் பெரும்பாலோர் செடிகளைத் திரட்டிப் பெயரிட்ட ஆங்கிலேய மருத்துவர்களையே குறிப்பிடுவார்கள். கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த நான் சொல்லும் பெயர் ஈ. ஆர். சி. டேவிதார். அவர் குன்னூரில் வழக்கறிஞராக இருந்தவர். காட்டில் நடந்ததும் குறிப்பெடுத்ததும் அவருக்குச் சம்பளம் தந்த வேலைகள் அல்ல.

1877இல் வேட்டைக்காரர்களுக்கான அமைப்பாகத் தொடங்கிப் பின்னர் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் திரும்பிய நீலகிரிச் சங்கத்தின் செயலாளராக அவர் பணியாற்றினார். சங்க இலக்கியப் பாடல்கள் வருடை என்றும் நாம் இன்று வரையாடு என்றும் சொல்லும் விலங்கு எத்தனை எஞ்சியிருக்கிறது என்பது அப்போது யாருக்கும் திட்டமாகத் தெரியாது. 1963இல் நீலகிரியில் அவர் எண்ணியபோது கிடைத்தது ஏறத்தாழ 400. பிறகு 1975இல் தொடங்கி, பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலை எனத் தொடர்ந்து வரையாடு வாழும் மலைகள் அனைத்தையும் கணக்கில் கொண்டு, மொத்தம் இரண்டாயிரத்துக்குச் சற்று மேல் என்று அவர் மதிப்பிட்டார்.

எண்ணுவது எளிய வேலை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் முறையாக அனுமதி பெற்று, முக்குருத்திப் பக்கத்துப் புல்வெளியில் வனக்காவலர் ஒருவருடன் நடந்தேன். எதிர்ச்சரிவில் மந்தை ஒன்று தெரிந்தது. நான் 14 என்றேன். அவர் சற்றும் யோசிக்காமல் 17 என்றார். பாறை நிழலில் படுத்திருந்த மூன்று குட்டிகளை நான் கல்லென்று கடந்திருந்தேன். மீண்டும் எண்ணுவதற்குள் மேற்கு விளிம்பிலிருந்து மஞ்சு ஏறிச் சரிவையே மூடிவிட்டது. அந்த மந்தை அடுத்த முகட்டுக்குப் போய்விட்டால் அதையே இரண்டாம் முறை எண்ண நேரும்; செங்குத்துப் பாறைக்குக் கீழே இறங்கிவிட்டால் கணக்கிலேயே வராது. செயற்கைக்கோள் படமோ கைப்பேசியோ இல்லாத நாளில், மலை மலையாக ஏறி டேவிதார் தந்த எண்ணின் மதிப்பு எனக்கு அன்றுதான் விளங்கியது.

அந்த எண்ணைவிட முக்கியமானது, எந்த மலையில் மந்தை இருக்கிறது, எதில் இல்லை என்ற விவரம் என்பது என் கருத்து. வரையாட்டுக்குச் சோலை போதாது. மேய்வதற்குத் திறந்த புல்வெளியும், செந்நாயோ சிறுத்தையோ வரும்போது தாவி ஒதுங்கப் பக்கத்திலேயே செங்குத்துப் பாறையும் வேண்டும். ஆனால் நம் புல்வெளிகளை வெறும் தரிசு என்று கருதி, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரத்தையும், விறகுக்கும் கூழுக்கும் கற்பூர (யூக்கலிப்டஸ்) மரத்தையும் பரப்பினார்கள். (எங்கள் வீட்டில் ஆண்டு முழுவதும் எரிந்ததும் சீகை விறகுதான், அது நின்ற இடம் ஒருகாலத்தில் புல்வெளியாக இருந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.) நீலகிரியில் வரையாடு மேற்கு விளிம்போடு ஒடுங்கியதற்கு வேட்டைக்கு அடுத்த பெருங்காரணம் இந்த மரங்களே. எஞ்சிய மந்தைகள் ஒன்றோடொன்று கலக்க வழியின்றித் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன.

அவருடைய பணி வரையாட்டோடு நிற்கவில்லை. சீகூர்ப் பகுதிக் காட்டில் வீடு கட்டி, செந்நாய்களின் வாழ்க்கையைப் பொறுமையாகக் கவனித்து ஆய்வுக்கட்டுரை எழுதினார். வேட்டை விலங்குகளை அழிக்கும் பீடையென்று செந்நாயைச் சுட்டுக்கொன்றவருக்கு வெகுமதி தந்த காலம் முடிந்து அப்போது நெடுநாள் ஆகியிருக்கவில்லை. யானைகளின் வலசைப் பாதைகள் அடைபடக் கூடாது என்றும் அவர் வலியுறுத்தினார்.

தமிழ்நாடு அரசு வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தபோது, அவரைச் சிறப்பிக்கும் வகையில் அக்டோபர் 7ஆம் நாளை வரையாடு தினமாக்கியது. 2024இல் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாகத் தெரிவித்தது. அதை டேவிதாரின் மொத்த எண்ணோடு ஒப்பிட்டு, பாதியாகக் குறைந்துவிட்டது என்று எழுதுவது சரியன்று. அவர் மாநில எல்லை பார்க்காமல், இரவிகுளம் உள்ளிட்ட கேரளப் பகுதிகளையும் சேர்த்தே எண்ணியிருந்தார்.