மூளையில் அபூர்வ நிணநீர்ப் புற்றுக்கட்டி, கூடவே இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு: வீட்டில் எப்படிச் சமாளிப்பது?

என் அப்பாவுக்கும் இதே கூட்டணிதான், ரத்தக் கொதிப்பும் சேர்த்து. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். வேலையை விட்டு ஏழு வருஷம் கழித்து ஒரு நாள் விடிகாலையில் எழுந்து, பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பதற்கு) நேரமாச்சு என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இனிப்பு இறங்கிவிட்டது என்று நினைத்து அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். பழைய வியாதி இருக்கிற வீட்டில் புது வியாதியைக் கண்டுபிடிப்பது இப்படித்தான் தாமதமாகும்.

ஸ்கேனில் கட்டி தெரிந்ததும் வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார்கள். இந்த வகைக் கட்டி ஸ்டீராய்டு பட்டதும் சுருங்கிவிடும். ஆளும் தெளிந்தார், எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் கட்டி சுருங்கிவிட்டதால், அப்புறம் எடுத்த பயாப்சியில் (கட்டியில் துளி எடுத்துச் செய்யும் பரிசோதனையில்) ஒன்றும் கிடைக்கவில்லை. மருந்தை மெல்லக் குறைத்து நிறுத்தி, காத்திருந்து, மறுபடி தலையைத் திறந்தார்கள். உங்களுக்கு இன்னும் பயாப்சி ஆகவில்லை என்றால், அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்று டாக்டரிடம் முதலில் கேளுங்கள். ஏற்கெனவே ஸ்டீராய்டு ஓடுகிறதென்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து.

ஸ்டீராய்டால் இனிப்பு தாறுமாறாக ஏறியது. காலையில் பார்த்தால் ஒழுங்காக இருக்கும், சாயங்காலம்தான் எகிறும். இன்சுலின் அளவை அதை வைத்துத்தான் மாற்றினார்கள்.

பெரிய தலைவலி மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து. அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அப்பாவுக்கோ சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. அளவைக் குறைத்து, நிறைய டிரிப் ஏற்றி, சிறுநீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7க்குக் கீழே போகாமல் மிஸ்ஸிகள், அதாவது நர்ஸுகள், தாளில் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ரத்தத்தில் மருந்து இறங்கும் வரை, அதன் பாதிப்பைத் தடுக்க லியூகோவோரின் ஊசி. இவ்வளவு பாடுபட்டு வீட்டுக்கு அனுப்பினால், முட்டிவலிக்கு ஒரு கிளினிக்கில் டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! அடுத்த சுற்றுக்கு இரண்டு நாள் இருக்கும்போது. மெத்தோட்ரெக்ஸேட்டோடு அது சேரவே கூடாது. வயிற்றுக்குப் போடும் ஒமிப்ரசோலும் அப்படித்தான்.

அவரவர் தம் வியாதியைத்தான் பார்ப்பார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் 555 என்ற சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றில் எல்லா மாத்திரையையும் எழுதி, முதல் பக்கத்தில் கூடாததைச் சிவப்பில் எழுதினேன், மலாயிலும். ரிட்டக்ஸிமாப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தைத் தொடங்குமுன் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதித்த முடிவும் அதில்தான் இருக்கிறது. எந்தக் கவுண்டரிலும் முதலில் அதைத்தான் நீட்டுவேன். இப்போது அப்பாவே சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். பின்பக்கத்தில் நாலு நம்பர் லாட்டரிக் கணக்கு எழுதியிருக்கிறார், அதை நான் பார்க்காத மாதிரி விட்டுவிட்டேன்.